கேமராவுக்குக் கைப்பட்டை: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

கேமராவோடு வரும் கழுத்துப் பட்டையைப் பலர் உறையைக்கூடப் பிரிக்காமல் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டவர்களிலும் கணிசமானோர் அதைக் கழுத்தில் போடாமல், மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டுதான் படமெடுக்கிறார்கள். இப்படிச் சுற்றிக்கொள்பவர்களுக்காகவே, கேமராவைக் கையோடு பிணைத்து வைக்கும் கைப்பட்டை இருக்கிறது. ஆனால் ஆசையாக வாங்கியவர்களில் பலர் சில நாட்களில் அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிடுவதும் நடக்கிறது. பட்டை மட்டமானது என்பதால் அப்படி நடப்பது குறைவு. கேமராவில் அது மாட்டும் இடம் பொருந்தாமல் போயிருக்கும், அல்லது கையில் உட்காரும் அளவைச் சரிசெய்யாமல் விட்டிருப்பார்கள். தோலின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியை இந்த இரண்டுக்கும் கொடுத்தால் போதும்.

முதலில், உங்களுக்கு வேண்டுமா?

கைப்பட்டை எடையைக் குறைக்காது. சோனி ஏ7 வரிசையின் நான்காம் தலைமுறை பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), பேட்டரியும் மெமரி அட்டையும் சேர்த்து 658 கிராம். அதில் அதே நிறுவனத்தின் இரண்டாம் தலைமுறை 70-200 மி.மீ. எஃப்2.8 ஜி.எம். லென்ஸைப் பொருத்தினால் இன்னும் 1,045 கிராம் கூடும். இந்த 1.7 கிலோவைத் தோளும் முன்கையும் சுமந்துதான் ஆக வேண்டும். பட்டை மிச்சப்படுத்துவது விரல்களின் இறுக்கத்தை மட்டும்தான். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் கேமராவைக் கீழே தாழ்த்தி நிற்கிறோமே, அந்த நேரத்தில் விரல்களைத் தளர்த்தி நீட்டிக்கொள்ளலாம். மணிக்கணக்கில் கேமராவைக் கையிலேயே வைத்திருப்பவருக்கு அது பெரிய நிம்மதி. திருமணம், விளையாட்டு, தெருப் புகைப்படம் எடுப்பவர்கள் இந்த வகை.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லென்ஸ் மாற்றுகிறவர், பெரும்பாலும் டிரைபாடில் (முக்காலியில்) வேலை செய்கிறவர், இரண்டு கேமராக்களோடு அலைகிறவர் ஆகியோருக்குக் கைப்பட்டை இடைஞ்சலாகவே முடியும். அவர்களுக்கு நல்ல தோள் பட்டையே மேல்.

இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைய கேமராக்களின் பிடியும் ஷட்டர் பட்டனும் வலப்பக்கத்தில் இருப்பதால் கைப்பட்டையும் வலக்கைக்குத்தான் வரும். 1936-இல் வந்த கைன் எக்ஸாக்டா கேமராவில் ஷட்டர் பட்டன் இடப்பக்கம் இருந்தது. அந்த வழக்கம் நிலைக்கவில்லை.

இரண்டு வகை, இரண்டு வேலை

கடைகளில் ஒரே தட்டில் தொங்கினாலும் இவை இரண்டும் வெவ்வேறு சாமான்கள். முதலாவது மணிக்கட்டு வளையம். கேமராவின் ஒரு முனையில் மட்டும் மாட்டி, கை நுழையும் அளவுக்குச் சுருக்காகத் தொங்கும். கேமரா கைநழுவினால் தரையில் விழாமல் தடுப்பது அதன் வேலை. பிடிக்கும்போது உதவி எதுவும் செய்யாது. இரண்டாவதுதான் முறையான கைப்பட்டை. பிடியின் மேல்முனையிலும் அடிப்பாகத்திலும் மாட்டி, புறங்கையைக் கேமராவோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும். நழுவவே விடாமல் வைத்திருப்பது இதன் வேலை.

எனக்குத் தெரிந்த எளிய எல்லைக்கோடு இதுதான்: லென்ஸோடு சேர்த்து அரைக் கிலோ, முக்கால் கிலோ வரை மணிக்கட்டு வளையம், அதற்கு மேல் புறங்கைப் பட்டை. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100வி 478 கிராம்தான். பிடியும் தட்டையானது. அதில் புறங்கைப் பட்டையைக் கட்டுவது கேமராவின் சௌகரியத்தையே கெடுக்கும். நிக்கான் டி850 பாடி மட்டுமே ஒரு கிலோவைத் தொடுகிறது. அதை மணிக்கட்டில் தொங்கவிட்டு நடந்தால் மாலைக்குள் மணிக்கட்டே சொல்லிவிடும்.

எடை கூடக்கூட மணிக்கட்டு வளையம் ஏன் ஆபத்தாகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ கேமரா 20 செ.மீ. விழுந்து, வளையத்தில் தொங்கி 1 செ.மீ. தூரத்துக்குள் நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் வளையத்தின் மீது விழும் சராசரி இழுவிசை கேமராவின் எடையைப்போல் 20 மடங்குக்கும் அதிகம். கையும் சற்றுக் கீழே இறங்கிக் கொடுப்பதால் நடைமுறையில் இது குறையும். ஆனாலும் பல மடங்குதான். பட்டையின் தாங்குதிறன் கேமராவின் எடையைவிட எவ்வளவோ அதிகமாக அச்சிடப்பட்டிருப்பது வெறும் விளம்பரத்துக்காக அல்ல. பட்டையைக் கேமராவோடு கோக்கும் பீக் டிசைன் நிறுவனத்தின் சிறிய வட்ட இணைப்பான்கள் 90 கிலோ தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கின்றன.

சங்கிலியில் முதலில் அறுவது மெல்லிய கண்ணிதான். 2006 டிசம்பரில் நின்டெண்டோ தன் வீ வீடியோ விளையாட்டுக் கைக்கருவியின் மணிக்கட்டுப் பட்டைகளில் ஏறக்குறைய 32 லட்சத்தை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. வேகமாக வீசியபோது 0.6 மி.மீ. கயிறு அறுந்து, கருவிகள் கையைவிட்டுப் பறந்தன. மாற்றுப் பட்டையில் கயிறு 1 மி.மீ. ஆனது. சிறிய கேமராக்களின் ஊசித்துளைக் காதுகளில் (பட்டை மாட்டும் துளைகளில்) மாட்டும் பட்டைகளிலும் இதே இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அகலமான அழகிய தோல் எவ்வளவு நீளம் இருந்தாலும், கடைசியில் கேமராவைத் தொடுவது அந்த நூல் வளையம் மட்டுமே.

கேமராவைத் திருப்பிப் பாருங்கள்

வாங்குவதற்கு முன் கேமராவை மேசையில் வைத்து, பட்டை மாட்டும் காதுகளை உற்றுப் பாருங்கள். காது பொதுவாக இரண்டு விதம். ஒன்று, நாடாவை நேராக நுழைக்கும் தட்டையான பிளவு. சுமார் 10 மி.மீ. அகல நாடா அதில் போகும். மற்றது, சிறு குமிழில் வட்டத் துளை. அதில் முதலில் சாவி வளையம் போன்ற ஒரு வளையமோ முக்கோண வளையமோ ஏறி, அதன் பிறகே பட்டை ஏறும். பிளவுக் காதில் மெல்லிய கயிற்றை நேராகக் கட்டாதீர்கள். உலோகத்தின் விளிம்பு நாளடைவில் கயிற்றை அறுக்கும். வட்டத் துளையில் நாடாவை நேராக நுழைக்கவும் முடியாது.

மணிக்கட்டு வளையத்துக்கு வலப்பக்கக் காது ஒன்றே போதும். புறங்கைப் பட்டைக்கு அடியில் இன்னொரு பிடிமானம் தேவை. பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. செங்குத்தாகப் படமெடுக்க உதவும் கூடுதல் பிடியோடு வரும் பெரிய கேமராக்களிலும், அதே வேலைக்குத் தனியே வாங்கி அடியில் பொருத்தும் பேட்டரி கிரிப்புகள் சிலவற்றிலும் அடியில் ஒரு காது இருக்கும். கேனனின் ஈ2 கைப்பட்டை போன்றவை அந்தக் காதை நம்பியே செய்யப்பட்டவை. காது இல்லாத கேமராவில் டிரைபாட் துளையில் ஒரு பிளேட்டைத் திருகி, அதன் ஓரத்தில் பட்டையை மாட்டுவதே வழி.

அந்த பிளேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். பேட்டரி மூடி திறக்கிறதா? சிறிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களில் டிரைபாட் துளைக்கும் பேட்டரி மூடிக்கும் இடையே இடம் மிகக் குறைவு. பிளேட் மூடியை மறைத்தால், பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அடுத்து, பிளேட் சுழலாமல் தடுக்கும் உதடோ (மேலெழும்பிய விளிம்போ) ரப்பர் பரப்போ இருக்கிறதா? பட்டை எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதால், வழுவழுப்பான பிளேட் மெல்ல மெல்லத் திரும்பித் தளரும். மூன்றாவது, நீங்கள் டிரைபாடும் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பிளேட்டின் விளிம்பு டிரைபாட் தலைகளில் பரவலாக இருக்கும் ஆர்கா-சுவிஸ் வகைக் கவ்வியில் உட்காருமா, அல்லது அடியில் இன்னொரு 1/4 அங்குலத் துளையாவது இருக்கிறதா?

திருகின் நீளத்தையும் சரிபாருங்கள். சோனியின் கையேடுகள் டிரைபாட் திருகு 5.5 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. நீளமான திருகு துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியதுபோல் தெரிந்தாலும் பிளேட் ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு மேலும் முறுக்கினால் சேதம் கேமராவுக்குத்தான்.

பொருள், அகலம், தையல்

இதில் பெரிய மர்மம் இல்லை. தோல் கைக்குப் பழகும், பார்க்க நன்றாக இருக்கும். வியர்வையும் மழையும் பட்டால் கறுக்கும், காய்ந்தால் விறைக்கும். நைலான் நாடா அழகில் ஒருபடி கீழே. உழைப்பில் ஒருபடி மேலே. புறங்கைப் பட்டையின் உட்பக்கம் மென்மையான துணியோ சுவாசிக்கும் வலையோ இருந்தால் நல்லது. நியோப்ரீன் மெத்தென்று இருக்கும். ஆனால் அது நீளும் தன்மை கொண்டது. பளுவான லென்ஸோடு நடக்கையில் கேமரா ஊஞ்சலாடும். வியர்வையையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். எனக்கு அதில் மதிப்பு இல்லை.

பாராகார்டு எனப்படும் பாரசூட் கயிற்றில் பின்னிய பட்டைகளும் நிறைய கிடைக்கின்றன. கயிறு உறுதியானதுதான், பின்னிய கை எப்படிப்பட்டது என்பதே கேள்வி. கயிற்றின் முனைகளை உருக்கி ஒட்டி முடித்திருந்தால், அந்த ஒட்டைத் தவிர வேறு முடிச்சு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

கையில் எடுத்தால் தையலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாடா மடிந்து தன்மேல் சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுகளுமாகத் தைத்திருந்தால் நம்பலாம். ஒரே வரித் தையல் என்றால் ஒரு நூல் விட்டாலும் முழுவதும் பிரியும். உலோக வளையங்களில் சேர்ப்பு இடைவெளி இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறினால், பாரம் விழும்போது அந்த இடைவெளி விரியக்கூடும்.

மாட்டும் முறை

லென்ஸைக் கழற்றி மூடியைப் போட்டுவிட்டு, கேமராவை ஒரு துணியின்மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

1. வட்டத் துளைக் காது என்றால் முதலில் வளையம். சாவி வளையத்தின் முனையை நகத்தால் பிரிக்க முயன்றால் நகம்தான் போகும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையின் மூலையைச் செருகி விரித்து, காதில் ஏற்றி, இரண்டு சுற்றும் முழுமையாக உள்ளே வரும்வரை சுழற்றுங்கள். பாதியில் நிற்கும் வளையம் ஒருநாள் தானாகவே வெளியே வரும். காதுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு சிறு தோல் வட்டைச் செருகினால் பாடியில் கீறல் விழாது.

2. அடி பிளேட்டைத் திருகுங்கள். பட்டை மாட்டும் துளை பிடியின் பக்கம், அதாவது கேமராவைப் பின்னாலிருந்து பார்க்கையில் வலப்புறம், வர வேண்டும். கையால் இறுக்கியபின் கருவியால் சற்று முறுக்கினால் போதும். திருகு கழலாமல் இருக்கப் பசை போடுகிறேன் என்று இறங்காதீர்கள். அவ்வகைப் பசைகள் சிலவகைப் பிளாஸ்டிக்குகளில் விரிசல் விழச் செய்யும்.

3. பட்டையின் மேல்முனையைக் காதில் நுழையுங்கள். நாடாவாக இருந்தால் வெளியிலிருந்து உள்ளே நுழைத்து, திரும்பி வந்து, பக்கிளின் இரு இடைவெளிகளிலும் ஏற்ற வேண்டும். கடைசி முனை பக்கிளுக்கும் பட்டைக்கும் நடுவே அடங்கியிருக்க வேண்டும்; குறைந்தது மூன்று விரற்கடை வாலாவது மிஞ்ச வேண்டும். வால் வெளியே ஆடினால் இன்னொரு தொல்லையும் உண்டு. மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டர் அருகே கண் வந்ததை அறியும் ஒரு சிறு உணரி இருக்கிறது. வால் அதன்முன் வந்து விழுந்தால், கண் வந்துவிட்டதாக எண்ணிப் பின்திரை அணைந்துவிடும். கேமரா பழுதாகிவிட்டது என்றே தோன்றும்.

4. கீழ்முனையை பிளேட்டிலோ அடிக்காதிலோ மாட்டி, முழுவதும் தளர்வாக விடுங்கள். இறுக்குவது கை உள்ளே போன பிறகு.

5. எல்லாம் மாட்டியபின், கட்டில் மெத்தைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பட்டையைப் பிடித்துக் கேமராவைச் சில முறை வலுவாக அசைத்துப் பாருங்கள். ஏதாவது வழுக்குவதென்றால் இங்கேயே வழுக்கிவிடட்டும்.

அளவு வைப்பது

கையை நுழைத்து, படமெடுக்கும்போது பிடிப்பதுபோல் இயல்பாகப் பிடியுங்கள். கட்டைவிரல் பட்டைக்கு வெளியே இருக்கும். பட்டையின் மெத்தைப் பகுதி, விரல்கள் தொடங்கும் முட்டிகளுக்கு ஒரு விரற்கடை பின்னால், புறங்கையின் தட்டையான பகுதியில் உட்கார வேண்டும். முட்டிகளின் மேலேயே அமர்ந்தால் ஆள்காட்டி விரலை மடக்க முடியாது; ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் பட்டையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மணிக்கட்டுப் பக்கம் இறங்கிவிட்டால் விரலைத் தளர்த்தியதும் கேமரா முன்பக்கமாகக் குப்புறக் கவிழும்.

முதலில் மேல்முனையைக் குறுக்கிப் பட்டையை இடத்துக்குக் கொண்டுவாருங்கள்; பிறகு கீழ்முனையால் இறுக்கத்தை வையுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் இழுத்தால் எதனால் என்ன நடந்தது என்றே தெரியாது. எல்லாவற்றையும் கீழ்முனையிலேயே சமாளிக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் மெத்தை எப்போதும் தவறான இடத்தில் நிற்கிறது.

இப்போது கட்டில் மெத்தைக்கு மேல் கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கி, ஐந்து விரல்களையும் விரியுங்கள். கேமரா சற்றுச் சாயலாம். நழுவி இறங்கக் கூடாது. அடுத்து, விரல்களை மடக்கி, ஆள்காட்டி விரல் முன்சக்கரத்தையும் ஷட்டரையும் தொடுகிறதா, கட்டைவிரல் பின்னாலுள்ள ஃபோகஸ் பட்டனையும் ஜாய்ஸ்டிக்கையும் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் பட்டை மிக இறுக்கம், அல்லது உங்கள் கைக்கு அகலம் கூடுதல். மூன்றாவதாக, இடக்கை லென்ஸைத் தாங்கியிருக்க, வலக்கையை உருவி மறுபடி நுழையுங்கள். முண்டாமல் போய்வர வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும். முதல் சோதனையில் நன்றாகத் தேறும் இறுக்கம் மூன்றாவதில் தோற்கும். நழுவாத அளவில் எது மிகத் தளர்வோ, அதில் நிறுத்துங்கள்.

அப்படியே கால்மணி நேரம் வைத்திருந்துவிட்டு ஒரு நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தாமதித்தாலோ, விரல்நுனிகளில் குளிர்ச்சியோ மதமதப்போ தெரிந்தாலோ ஒரு படி தளர்த்துங்கள். கையுறை போட்டு எடுக்கும் நாட்களுக்கு இந்த அளவு செல்லாது. நாடாவில் இரண்டு இடங்களையும் பேனாவால் குறித்து வைத்தால் மாற்றுவது எளிது.

கையில் பழகுவது

கைப்பட்டை வந்ததும் இடக்கைக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. படமெடுக்கும் நேரத்தில் இடக்கை லென்ஸின் அடியில்தான் இருக்க வேண்டும். நீண்ட லென்ஸில் பாரம் முன்னால் இருக்கிறது; அதை வலக்கை மட்டும் நிமிர்த்திப் பிடிப்பது மணிக்கட்டை முறுக்கும் வேலை. லென்ஸில் டிரைபாட் காலர் (டிரைபாடில் பொருத்த லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையம்) இருந்தால், நடக்கும்போது அதன் அடிக்காலைப் பிடித்துத் தூக்குங்கள், வலக்கை பட்டைக்குள் இருந்தாலும்.

செங்குத்தாக எடுக்க, வலக்கை மேலே வரும்படி திருப்புங்கள். பட்டை புறங்கையோடு ஒட்டியே இருக்கும். பேட்டரி கிரிப்பிலுள்ள இரண்டாவது ஷட்டர் பட்டனைப் பயன்படுத்துகிறவருக்கு மட்டும் இங்கே நிஜமான இழப்பு உண்டு. கையை உருவி இடம் மாற்றியே ஆக வேண்டும். இப்படி மாற்றிக்கொண்டே இருக்கும் வேலை என்றால் கைப்பட்டையை விட்டுவிடுங்கள் என்பேன்.

லென்ஸ் மாற்றும்போது கையை உருவிவிட்டு, கேமராவை மடியிலோ மேசையிலோ வைத்து மாற்றுங்கள். ஒரு கை கேமராவில் மாட்டியிருக்க, மற்றொரு கையால் இரண்டு லென்ஸ்களைக் கையாள்வது சர்க்கஸ். கேமராவை இன்னொருவரிடம் கொடுக்கும்போதும் கவனம் தேவை. வாங்குகிறவர் கழுத்துப் பட்டை இருக்கும் என்று எண்ணிக் கைநீட்டுவார். அவர் பிடியைப் பற்றிய பிறகே உங்கள் கையை உருவுங்கள்.

பாலத்தின் கைப்பிடிச் சுவர், படகு, மாடி விளிம்பு போன்ற இடங்களில் கைப்பட்டையை மட்டும் நம்ப வேண்டாம். இடக்காதிலும் அடி பிளேட்டிலுமாக ஒரு தோள் பட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீருக்கடியில் எடுக்கும் சிறு கேமராவுக்கு மிதக்கும் மணிக்கட்டுப் பட்டை வாங்கினால் மிதவைத் திறனைப் பாருங்கள். 300 கிராம் கேமரா 200 மி.லி. தண்ணீரை இடம்பெயர்த்தால், பட்டை குறைந்தது 100 கிராம் சுமையைத் தாங்கி மிதக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

டிரைபாடில் வைத்தபின் பட்டை காற்றில் ஆடினால், ஷட்டர் வெகுநேரம் திறந்திருக்கும் நீண்ட எக்ஸ்போஷரில் அதிர்வு தெரியும். வீடியோ எடுக்கும்போது உலோக வளையங்களின் கலகலப்பு கேமராவின் மைக்கில் அப்படியே பதிவாகும். இரண்டுக்கும் சுலபமான வழி, பட்டையை ஒரு ரப்பர் வளையத்தால் பிடியோடு சேர்த்துக் கட்டுவது.

எப்போது மாற்றுவது

வேலைக்குக் கிளம்பும்முன் அடித்திருகை விரலால் ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள். தளர்வது பெரும்பாலும் அதுதான். நைலானை மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். தோலை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ காயவைக்காதீர்கள். கடற்கரையிலிருந்து வந்தால் பக்கிளையும் வளையங்களையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மணல் நாடாவுக்குள் புகுந்தால் உள்ளிருந்தே இழைகளை அரிக்கும்.

நாடாவின் ஓரம் பஞ்சுபோல் பிசிறடித்தால் சிறிது காலம் ஓட்டலாம். காதில் உராயும் மடிப்பில் பிசிறடித்தால் அன்றே மாற்றுங்கள். பீக் டிசைன் இணைப்பான்களின் கயிற்றில் மேலுறை தேய்ந்து உள்ளிருக்கும் வேறு நிறம் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அந்த நிறம் எட்டிப்பார்த்தால் அந்த இணைப்பானைத் தூக்கி எறிய வேண்டும். மற்ற பட்டைகளில் இப்படி எச்சரிக்கை இல்லை என்பதால், மடிப்பை விரித்து நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது உங்கள் வேலை. பட்டையை மாற்றும்போது கேமராவின் காதையும் பாருங்கள். எஃகு வளையம் பல வருடம் உராய்ந்த காதில் பள்ளம் விழுந்திருக்கலாம். பள்ளம் ஆழமாக இருந்தால், புதிய பட்டை வாங்குமுன் கேமராவைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.